சிறுநீர் சொல்லும் சேதி

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமங்களில் சர்க்கரை நோய் பற்றித் தெரியாதவர்கள் இல்லை. ரப்பர் வெட்டுகிறவர் வீட்டிலும், பாலராமபுரத்தில் தறி நெய்கிறவர் வீட்டிலும் அந்தப் பேச்சு உண்டு. சர்க்கரை கூடினால் கண் கெடும், காலில் புண் ஆறாது என்று எல்லோரும் சொல்வார்கள். சிறுநீரகமும் கெடும் என்பதைச் சிலரே சொல்வார்கள். காலில் வந்த புண் கண்ணுக்குத் தெரிகிறது. சிறுநீரகம் கெடும்போது வலிப்பதில்லை.

ஆஷா பணியாளர் வீட்டுக்கு வந்து, "மாமா, சிறுநீரும் பரிசோதிக்கணும்" என்றால், "எனக்கு நல்லாத்தானே போகுது மக்களே, எதுக்கு?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நன்றாகப் போகிற சிறுநீரிலும் கேடு மறைந்திருக்கலாம்.

நம் முதுகின் கீழ்ப்பக்கம், முதுகெலும்பின் இருபுறமும் இரண்டு சிறுநீரகங்கள் உள்ளன. ஒவ்வொன்றும் கைமுட்டி அளவு இருக்கும். ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் உண்டு. அவை ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. அதில் பெரும்பகுதி மீண்டும் இரத்தத்துக்கே போய்விடும். ஒன்றரை லிட்டர் அளவுதான் சிறுநீராக வெளியே வரும்.

மாவு சலிக்கும் அரிப்பை நினைத்துப் பாருங்கள். நல்ல அரிப்பில் மாவு இறங்கும், தவிடு மேலே நிற்கும். கண்ணி கிழிந்தால் தவிடும் இறங்கிவிடும். இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் இருக்கிறது. நல்ல சிறுநீரகம் அதை வெளியே விடாது. பல ஆண்டுகள் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கூடியே இருந்தால் வடிகட்டி பழுதாகும். ஆல்புமின் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும்.

இந்தக் கசிவை முதலில் கண்டவர்கள் எளிய வழியில் கண்டார்கள். 1827-இல் லண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட் கரண்டியில் சிறுநீரை எடுத்து, மெழுகுவர்த்தி மேல் காட்டினார். முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் வெளுப்பது போல, சிறுநீரகம் கெட்டவர்களின் சிறுநீர் கலங்கி வெளுத்தது. ஆனால் அப்படி வெளுக்கும் அளவுக்கு ஆல்புமின் வந்தால், கேடு முற்றிவிட்டது என்று பொருள். மிகக் குறைந்த கசிவை அளக்கும் முறை 1963-இல்தான் வந்தது. அந்தச் சிறு கசிவு உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கே பின்னால் பெரிய கேடு வருகிறது என்று 1984-இல் டென்மார்க் மருத்துவர் மோகன்சன் எழுதினார்.

சென்னையில் சர்க்கரை நோய் உள்ள 1,716 பேரைப் பரிசோதித்து 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். 100 பேரில் சுமார் 27 பேருக்குச் சிறு கசிவு இருந்தது. முற்றிய கசிவு 2 பேருக்குத்தான். அந்த 27 பேரைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது.

சோதனைச் சீட்டில் ஏ.சி.ஆர். என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். சீட்டு ஆங்கிலத்தில் இருந்தாலும் எண் எல்லோருக்கும் பொதுவானது. எண் 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை இருந்தால் சிறு கசிவு. 300-ஐத் தாண்டினால் பெரிய கசிவு. காலையில் முதலில் போகும் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிலக்கு, கடும் உழைப்பு இவற்றாலும் எண் ஏறும். அதனால் ஒரு சீட்டைப் பார்த்து யாரும் பதற வேண்டாம். சில மாதங்களுக்குள் மூன்று முறை பார்த்து, இரண்டில் கூடியிருந்தால்தான் உறுதி செய்வார்கள். சாதாரணமாகச் சிறுநீரில் பட்டையை நனைத்துப் பார்க்கும் சோதனை சிறு கசிவைத் தவறவிட்டுவிடும். "யூரின் பார்த்தாச்சு" என்று சொன்னால், எந்தச் சோதனை என்று கேட்க வேண்டும்.

இன்னொன்று இரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின். இது தசையிலிருந்து வரும் கழிவு. இதில் ஒரு சிக்கல் உண்டு. சிறுநீரகத்தின் வேலை பாதியளவு குறைந்த பிறகுதான் பலருக்கு இது தெளிவாக ஏறும். அதோடு, எண் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றல்ல. 25 வயது இளைஞருக்கு 1.2 என்றால் வடிகட்டும் திறன் சுமார் 86. 65 வயது அம்மாவுக்கு அதே 1.2 என்றால் திறன் 50 அளவுதான். எனவே வயதையும் சேர்த்துக் கணக்கிட்ட ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். அது மூன்று மாதத்துக்கு மேல் 60-க்குக் கீழே நின்றால் சிறுநீரக நோய். 15-க்குக் கீழே போனால் டயாலிசிஸ் பேச்சு வரும். வாரம் 2 அல்லது 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் படுக்க வேண்டும். கூலிவேலைக்குப் போகிறவரின் வாரத்தில் பிறகு என்ன மிஞ்சும்?

சிஸ்டாட்டின் சி என்று வேறு ஒரு இரத்தச் சோதனையும் உண்டு. அது தசையைப் பெரிதாகச் சார்ந்ததல்ல. விலை கூடுதல். எல்லோருக்கும் அது தேவைப்படாது.

சிறு கசிவு என்று தெரிந்தால் செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர வேண்டும். பெரும்பாலோருக்கு 130/80-க்குக் கீழே என்பது குறி. லோசார்டான் போன்ற அழுத்த மாத்திரைகள் கசிவையும் குறைக்கும். கர்ப்பிணிகள் அவற்றை எடுக்கக் கூடாது. டாபாகிளிஃப்ளோசின் என்ற மாத்திரை சிறுநீரகத்தைக் காக்கும் என்று 2020-இல் தெரிந்தது. எது யாருக்கு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் தானே வாங்கி விழுங்கும் வலி மாத்திரை சிறுநீரகத்துக்குப் பகை. பீடியும் அப்படியே.

நோய் வராமல் தடுக்கும் முயற்சி ஒன்று நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே நடந்திருக்கிறது. 60 வாக்குச்சாவடிப் பகுதிகளில், நோய் வரும் வாய்ப்பு அதிகமுள்ள 1,007 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினர் ஒரு வருடம் குழுவாகக் கூடி உணவு, நடை பற்றிப் பேசினார்கள். 2018-இல் முடிவு வெளிவந்தது. இரண்டு வருடத்தில் குழுவில் இருந்தவர்களில் 100-க்கு சுமார் 15 பேருக்கும், மற்றவர்களில் சுமார் 17 பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. வேறுபாடு சிறியது, அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. இரண்டே வருடத்தில் இத்தனை பேருக்கு நோய் வந்தது என்பதுதான் கவனிக்க வேண்டியது.

இந்த வகைச் சர்க்கரை நோய் எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. கண்டுபிடிக்கும்போதே சில ஆண்டுகள் ஆகியிருக்கலாம். அதனால் நோய் தெரிந்த நாளிலேயே முதல் சிறுநீர்ச் சோதனை. பிறகு வருடம் ஒருமுறை. பழைய சீட்டுகளை ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி வைத்து, ஒவ்வொரு முறையும் கொண்டுபோனால் போன வருட எண்ணையும் இந்த வருட எண்ணையும் மருத்துவர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்.