கன்னம் வைத்தவனா, காவல் இருந்தவனா?

சைக்கிள் நிலையம் ஒன்றில் காசு கொடுத்து, சீட்டு வாங்கிக்கொண்டு உங்கள் வண்டியை விட்டுச் செல்கிறீர்கள். திரும்பி வந்தால் வண்டியைக் காணோம். எடுத்துப் போனவன் திருடன். அதில் ஐயமே இல்லை. ஆனால் நிலையக்காரர், "திருடியவனைப் போய்க் கேள் தம்பி" என்று கையை விரித்தால் ஒப்புக்கொள்வீர்களா? வேலியில் ஓர் ஓட்டை இருந்தது, அது பலரும் அறிந்த ஓட்டைதான் என்று பின்னால் தெரியவந்தால் என்ன சொல்வீர்கள்?

இதே கேள்வி 2011-ஆம் ஆண்டில், உலகின் மிகப் பெரிய விளையாட்டு வலையமைப்புகளுள் ஒன்றைக் குறித்து எழுந்தது. ஜப்பானைச் சேர்ந்த சோனி நிறுவனம் 'பிளேஸ்டேஷன்' என்னும் வீடியோ விளையாட்டுப் பொறியைத் தயாரிக்கிறது. அதை இணையத்துடன் சேர்த்துவிட்டால் கடல் கடந்த நாட்டில் இருப்பவருடனும் விளையாடலாம். புதிய விளையாட்டுகளை விலைக்கு வாங்கலாம். இதற்காக 2006-இல் தொடங்கப்பட்டதே பிளேஸ்டேஷன் நெட்வொர்க். இதில் சேர வேண்டுமானால் பெயர், முகவரி, பிறந்த தேதி, மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். பொருள் வாங்குவோர் கடன் அட்டை எண்ணையும் கொடுப்பார்கள்.

2011 ஏப்ரல் 19 அன்று, நிறுவனத்தின் சர்வர்கள் சில, யாரும் கட்டளையிடாமலே தாமாக அணைந்து மீண்டும் இயங்கத் தொடங்கின. (சர்வர் என்பது பல பேருடைய கணிப்பொறிகளுக்கு ஒரே சமயத்தில் பணி செய்யும் பெரிய கணிப்பொறி.) மறுநாள், அந்நியர் புகுந்ததற்கான தடயங்கள் கிடைத்தன. உடனே வலையமைப்பு முழுவதும் நிறுத்தப்பட்டது. 7 கோடியே 70 லட்சம் கணக்குகளின் விவரங்கள் களவு போயிருந்தன! சில நாட்களில், அதே நிறுவனத்தின் மற்றொரு விளையாட்டுப் பிரிவிலிருந்தும் 2 கோடியே 46 லட்சம் கணக்குகளின் விவரங்கள் போயிருக்கலாம் என்று தெரிந்தது. மே 14 வாக்கில்தான் பணி சிறிது சிறிதாக மீண்டும் தொடங்கியது.

திருடர்கள் எப்படிப் புகுந்தார்கள்? மே 1 அன்று டோக்கியோவில் நிறுவன அதிகாரிகள் பத்திரிகையாளர்கள் முன் தலை தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, இதை விளக்கினார்கள். அவர்களுடைய அமைப்பில் மூன்று கட்டுகள் இருந்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய வீடுகளில் முன்கட்டு, நடுக்கட்டு, பின்கட்டு இருக்குமே, அதுபோல. முன்கட்டில் இருப்பது வெளியாரின் வேண்டுகோளை வாங்கும் சர்வர். நடுக்கட்டில் இருப்பது அந்த வேண்டுகோளை நிறைவேற்றும் சர்வர். பின்கட்டில் இருப்பது தகவல் களஞ்சியம். ஒவ்வொரு கட்டுக்கும் முன்னால் ஒரு தடுப்பு உண்டு. வருவதை ஆராய்ந்து, ஆகாததைத் தள்ளிவிடும் அந்தத் தடுப்பை 'ஃபயர்வால்' என்பார்கள். திருடர்கள் சுவரை இடிக்கவில்லை. பொருள் வாங்க வந்தவர்களைப் போலவே வேண்டுகோள் அனுப்பினார்கள். கடைக்கு வரும் வாடிக்கையாளரைக் காவலாளி தடுப்பாரா? நடுக்கட்டு வரை போனதும், அங்கிருந்த மென்பொருளில் இருந்த ஒரு குறையைப் பயன்படுத்தித் தங்கள் கருவியை நிறுவினார்கள். அதைக் கொண்டு பின்கட்டைத் திறந்தார்கள். போகும்போது, தங்கள் நடமாட்டம் பதிவான குறிப்புகளையும் அழித்துவிட்டுப் போனார்கள்.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். நடுக்கட்டில் இருந்த அந்தக் குறை புதியதன்று. அது ஏற்கெனவே அறியப்பட்ட குறை என்றும், ஆனால் தங்கள் நிர்வாகத்துக்கு அது தெரிந்திருக்கவில்லை என்றும் நிறுவனமே கூறியது.

'அறியப்பட்ட குறை' என்றால் என்ன? பல்லாயிரம் வரிகள் கொண்ட மென்பொருளில் பிழையே இல்லாமல் இருக்காது. ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டதும் அதை எழுதியவர்கள் திருத்தத்தை வெளியிடுவார்கள். இதற்கு 'ஒட்டு' என்று பெயர். கிழிந்த துணிக்குப் போடுகிற ஒட்டுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒட்டு வெளியான அன்றே, துணி எந்த இடத்தில் கிழிந்திருக்கிறது என்பது திருடர்களுக்கும் தெரிந்துவிடுகிறது! அன்று முதல் ஓட்டப்பந்தயம். ஒட்டுப் போடாதவர் வீட்டைத் தேடித் திருடர் வருவார். ஒருவருக்கும் தெரியாத ஓட்டை வழியே திருடன் வந்தால், வீட்டுக்காரரை நாம் கடிந்துகொள்ள முடியாது. தெரிந்த ஓட்டை வழியே வந்தால் கதை வேறு. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகமும் இப்படித்தான் கருதியது. மென்பொருள் புதுப்பிக்கப்பட்டிருந்தால் இந்தக் களவைத் தடுத்திருக்கலாம் என்று கூறி, 2013 ஜனவரியில் சோனியின் ஐரோப்பியக் கிளைக்கு 2,50,000 பவுண்டு அபராதம் விதித்தது. மேல்முறையீடு செய்யப் போவதாகச் சொன்ன நிறுவனம் பிறகு அதைக் கைவிட்டது.

சரி, பின்கட்டில் பொருள்கள் எப்படி வைக்கப்பட்டிருந்தன? கடன் அட்டை எண்கள் சங்கேத எழுத்தாக மாற்றப்பட்டிருந்தன. பெயர், முகவரி, பிறந்த தேதி ஆகியவை மாற்றப்படவில்லை. கடவுச்சொற்கள் 'ஹாஷ்' என்னும் முறையில் உருமாற்றப்பட்டிருந்தன. இந்த ஹாஷ் சுவையான கணக்கு; நீங்களே செய்து பார்க்கலாம். உங்கள் இரகசிய எண் 4837 என்று கொள்வோம். அதை அதனாலேயே பெருக்குங்கள்: 2,33,96,569. இதன் நடுவில் உள்ள நான்கு இலக்கங்களை மட்டும் எடுங்கள்: 3965. காவலர் தம் ஏட்டில் 3965 என்றுதான் எழுதி வைப்பார். நீங்கள் வந்து 4837 என்று சொன்னதும் அவர் பெருக்கிப் பார்ப்பார். நடுவில் 3965 வந்தால் உள்ளே விடுவார். ஏட்டைத் திருடியவனுக்கு 3965 தெரியும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு 4837-ஐ அடைய நேர்வழி இல்லை. உண்மையான ஹாஷ் முறைகள் இதைவிடப் பன்மடங்கு சிக்கலானவை, தத்துவம் இதுதான்.

ஆனால் திருடன் சும்மா இருப்பானா? நான்கு இலக்க எண்கள் மொத்தமே 10,000 தானே! ஒவ்வொன்றையும் பெருக்கி ஒரு பட்டியல் போட்டுக்கொண்டால் போதும். எளிய கடவுச்சொற்களை இப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள். மக்கள் வழக்கமாக வைக்கும் சொற்களையெல்லாம் வரிசையாக உருமாற்றி ஒப்பிடுவார்கள். கணிப்பொறிக்கு இது நொடி வேலை. இதைத் தடுக்க, ஒவ்வொருவர் கடவுச்சொல்லுடனும் வெவ்வேறு எண்ணைக் கலந்து, பிறகு உருமாற்றுவது உண்டு. அந்த எண்ணுக்கு 'உப்பு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள்! ஒருவருக்குப் போட்ட பட்டியல் அப்போது மற்றவருக்கு உதவாது.

காவல் இருந்தவர் மீது மற்றொரு குறையும் உண்டு. வலையமைப்பு நின்றது ஏப்ரல் 20. வெளியார் ஊடுருவல் என்று மட்டும் 22-இல் அறிவித்தார்கள். உங்கள் சொந்த விவரங்கள் போய்விட்டன என்று சொன்னது 26-இல். எவ்வளவு போயிற்று என்று வல்லுநர்களைக் கொண்டு ஆராய நாட்கள் பிடித்தன என்பது நிறுவனத்தின் விளக்கம். அழிக்கப்பட்ட பதிவுகளை வைத்துக்கொண்டு ஆராய்வது கடினம்தான். என்றாலும் அந்த ஆறு நாட்களும் வாடிக்கையாளர்களுடையவை. "போயிருக்கலாம்" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் தம் கடவுச்சொல்லைப் பிற இடங்களில் மாற்றியிருப்பார்கள். ஓட்டையைக் கவனியாததைவிட இதையே பெரிய பிழையாக நான் கருதுகிறேன்.

திருடர் பக்கமும் ஒரு வாதம் உலவியது. அந்த ஆண்டு ஜனவரியில், பிளேஸ்டேஷன் பொறியின் பூட்டைத் திறக்கும் வழியை வெளியிட்ட ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற இளைஞர் மீது சோனி வழக்குத் தொடர்ந்தது. அதைக் கண்டித்து 'அனானிமஸ்' என்ற பெயரில் இயங்கியவர்கள் ஏப்ரல் தொடக்கத்தில் நிறுவனத்தின் சர்வர்களுக்கு வெள்ளமாக வேண்டுகோள்களை அனுப்பித் திணறடித்தார்கள். களவுக்குப் பிறகு, அந்தப் பெயரைத் தாங்கிய கோப்பு ஒன்று சர்வரில் கிடைத்தது. களவு தங்கள் வேலை அல்ல என்று அவர்கள் மறுத்தார்கள். யார் செய்தது என்பது நிறுவப்படவே இல்லை. "சோனி வம்பை விலைக்கு வாங்கியது" என்று சொன்னவர்கள் உண்டு. நிறுவனத்தின் மீது கோபம் இருக்கட்டும். களவு போனது யாருடைய முகவரி? விளையாட வந்தவர்களுடையது அல்லவா? சைக்கிள் நிலையக்காரரோடு சண்டை என்றால் உங்கள் வண்டியை எடுத்துப் போவதா? வேலியில் ஓட்டை இருந்தது என்பதால் திருடனின் குற்றம் ஒரு குன்றிமணி அளவும் குறைவதில்லை. நிலையக்காரரின் பொறுப்பு தனிக் கணக்கு.

விளையாடியவர்களுக்குப் பங்கு உண்டா? ஏப்ரல் களவில் இல்லை. கேட்ட விவரங்களைக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் வேறொன்று நடந்தது. வேறு எங்கோ திருடப்பட்ட பெயர், கடவுச்சொல் பட்டியல்களை யாரோ சோனியின் வாயிலில் ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்தார்கள். சுமார் 93,000 கணக்குகளுக்கு அவை பொருந்திவிட்டன! இத்தனை பேரும் பல வீட்டுக்கு ஒரே சாவி வைத்திருந்தார்கள். இம்முறை நிறுவனம் உடனே கண்டுபிடித்து அந்தக் கணக்குகளைப் பூட்டியது.

சாவி ஒன்றானாலும் கதவு திறக்காதபடி செய்ய வழி உண்டு. கடவுச்சொல்லைச் சொன்ன பிறகு, உங்கள் தொலைபேசிக்கு வரும் ஓர் எண்ணையும் கேட்பது அது. பிளேஸ்டேஷன் நெட்வொர்க்கில் இந்த இரண்டாம் பூட்டு வந்தது 2016 ஆகஸ்டில்; களவு நடந்து ஐந்து ஆண்டுகளுக்கும் மேலான பிறகு.