பனமலை மாணவிக்கு: நாட்டியக் கல்லூரி தேடும்முன்

அன்புள்ள மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பிளஸ் டூ எழுதி முடித்துவிட்டாய். பரதத்தையே பட்டப்படிப்பாக எடுக்க ஆசைப்படுகிறாய். "டான்ஸ் படிச்சு என்ன பண்ணப்போற, நர்சிங் சேரு" என்கிறார் அப்பா. "மெட்ராஸ் போனா லட்சக்கணக்குல ஆகும்" என்று அத்தை பயமுறுத்துகிறார். சனி, ஞாயிறுகளில் பனமலையிலிருந்து பஸ் பிடித்து விழுப்புரம் ஜவகர் சிறுவர் மன்றத்துக்கு வந்து ஆடக் கற்ற பெண் நீ. உன்னிடம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசலாம் என்று நினைக்கிறேன்.

முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், நாட்டியக்காரர்கள் அதைப் பேசக் கூச்சப்படுவார்கள் என்பதால். இந்தக் கலையில் வருமானம் தாமதமாகத்தான் வரும். பட்டம் வாங்கி வெளியே வருகிறவளுக்கு ஒரு தனியார் பள்ளியில் நடன ஆசிரியை வேலை கிடைக்கும். சம்பளம் சொற்பமாக இருக்கும். வீட்டு மாடியில் வகுப்பு தொடங்கினால் பத்துப் பிள்ளைகள் சேரவே ஓரிரு வருஷம் ஆகும். அந்த வருஷங்களில்தான் ஒருத்தி கலைஞராக நிலைப்பதும் விலகிப்போவதும் முடிவாகிறது. நன்றாக ஆடிய பெண்கள் கல்விக் கடன் தவணைக்காகத் துணிக்கடைக்கும் கால் சென்டருக்கும் போய், சலங்கையைப் பரண்மேல் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் திறமை குறைவில்லை. அதனால் என் தீர்ப்பு இதுதான்: உன்னைக் கடனாளியாக வெளியே அனுப்பும் கல்லூரி எவ்வளவு பெரிய பெயர் வைத்திருந்தாலும் உனக்கு வேண்டாம்.

குறைந்த கட்டணம் என்றால் மட்டமான படிப்பு என்று யாராவது சொன்னால் நம்பாதே. ராஜராஜ சோழன் தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஆடல் மகளிரான 400 தளிச்சேரிப் பெண்டுகளைக் குடியமர்த்தி, ஆளுக்கு ஒரு வீடும் ஆண்டுக்கு 100 கலம் நெல்லும் கொடுத்ததைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருக்கிறான். அரசும் கோயிலும் சோறு போட்டு வளர்த்த கலை இது. லட்சங்களைக் கொட்டி அரங்கேற்றம் செய்வது போன நூற்றாண்டில் வந்த பழக்கம். அரசுக் கல்லூரியில் குறைந்த செலவில் நீ படிப்பதை யாரோ போடும் பிச்சையாக எடுத்துக்கொள்ளாதே. அது உனக்கு உரியது.

இனி எங்கெங்கே என்று பார்ப்போம். விழுப்புரத்திலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதஸ்வரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் ஒரே வளாகத்தில் நடக்கும். மூன்றாண்டுச் சான்றிதழ்ப் படிப்பு. கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு ரூபாய்தான். பட்டம் கிடைக்காது, அது ஒரு குறைதான். ஆனால் வீட்டிலிருந்தே போய் வரலாம். பக்கத்து அறையில் மிருதங்கம் வாசிப்பவனோடு சேர்ந்து தாளம் பழகலாம். வெளியூர் அனுப்ப வீட்டில் கடைசிவரை மறுத்தால், இதில் சேர்ந்துகொண்டு தொலைதூரக் கல்வியில் ஒரு பி.ஏ.வையும் முடித்துவிடு.

பட்டம்தான் வேண்டும் என்றால் தமிழ்நாடு அரசு இசைக் கல்லூரிகள் சென்னை, திருவையாறு, மதுரை, கோவை என நான்கு ஊர்களில் இருக்கின்றன. சென்னைக் கல்லூரி 1949-ல் தொடங்கியது. முசிறி சுப்பிரமணிய ஐயர் அதன் முதல் முதல்வராக இருந்தவர். இந்த நான்கும் இப்போது 2013-ல் உருவான இசை, கவின்கலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகின்றன. சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் இருக்கிறது. அங்கே இசைக் கல்லூரி 1929-லேயே தொடங்கிவிட்டது; பல்கலைக்கழகம் 2013-ல் அரசு நிர்வாகத்துக்கு வந்தது. விழுப்புரத்தில் ரயில் ஏறினால் சுமார் இரண்டு மணி நேரத்தில் போய்விடலாம். மாலை வகுப்பு முடிந்ததும் நடராசர் கோயில் கோபுர வாயிலில் 108 கரணச் சிற்பங்களையும் நின்று பார்க்கலாம். அந்த வசதி சென்னையில் எந்தக் கல்லூரிக்கும் கிடையாது.

புதுச்சேரி இன்னும் பக்கம். அரியாங்குப்பத்தில் 1988-ல் தொடங்கிய பாரதியார் பல்கலைக்கூடத்தில் நாட்டியம், இசை, ஓவியம் மூன்றுக்கும் பட்டப்படிப்பு உண்டு. அது புதுச்சேரி அரசுடையது. நாம் எல்லைக்கு இந்தப் பக்கத்தவர்கள். வெளிமாநிலத்தவருக்கு எத்தனை இடம் என்று கேட்டுக்கொண்டபிறகு விண்ணப்பம் வாங்கு. திருச்சி கலைக்காவிரியையும் மறந்துவிடாதே. 1977-ல் ஒரு கத்தோலிக்கப் பாதிரியார் தொடங்கிய முயற்சி, இன்று பாரதிதாசன் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கவின்கலைக் கல்லூரியாக நடக்கிறது. கலாக்ஷேத்ராவை விட்டுவிட்டேனே என்று கேட்பாய். ருக்மிணி தேவி 1936-ல் தொடங்கிய அந்த இடத்தின் ஒழுங்கும் பயிற்சியும் பேர்போனவை. போட்டி அதிகம், விடுதியோடு சேர்த்தால் செலவும் அதிகம். நேர்முகத் தேர்வுக்குப் போய் வா. இடமும் உதவித்தொகையும் சேர்ந்து கிடைத்தால் யோசிப்போம். கிடைக்கவில்லை என்று அழாதே.

சின்ன ஊர்க் கல்லூரி என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்வேன். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்று ஒரு சிறிய ஊர். அங்கே வெஸ்லியன் என்று ஒரு சிறிய பல்கலைக்கழகம். நம் பரதக் கலைஞர் பாலசரஸ்வதி அம்மா 1960-களில் அங்கே போய்க் கற்பித்தார். அவரிடம் பரதம் படிக்க அந்தச் சிறிய ஊருக்குப் போனார்கள். பெரிய கல்லூரி எது என்பதை ஊரை வைத்து முடிவு செய்யக் கூடாது, சொல்லிக்கொடுப்பவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சொல்லிக்கொடுப்பவரை எப்படி எடைபோடுவது? பணம் கட்டும் முன்பு ஒரு நாள் முழுக்க வகுப்பில் உட்கார்ந்து பார். எப்படிப் பார்ப்பது என்பதற்கு உன் ஊரிலேயே ஆசிரியை இருக்கிறாள். ஏரிக்கரைக் குன்றின்மேல், 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் கட்டிய தாளகிரீசுவரர் கோயிலின் சிறு சன்னிதி ஒன்றில் உமையின் ஓவியம் இருக்கிறதே, அவளைச் சொல்கிறேன். தலையில் மகுடம், மேலே குடை. ஒரு காலை மடித்து, இடுப்பை ஒசித்து, சாய்ந்தாற்போல் நிற்கிறாள். அவள் பார்த்துக்கொண்டிருப்பது சிவனின் ஆட்டத்தை. ஆடியவன் சுவரில் அநேகமாக அழிந்துபோய்விட்டான். பார்த்தவள் மட்டும் மிச்சமிருக்கிறாள். உடம்பு அத்தனை தளர்வாக நிற்க, கழுத்தின் சாய்வும் கண்ணும் மட்டும் ஆட்டத்தை விட்டு அகலவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த படம் என்று அலட்சியப்படுத்தாமல், கல்லூரி தேடிப் புறப்படும்முன் ஒருமுறை ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வா.

வகுப்பில் முன்வரிசையைப் பார்க்காதே. அங்கே எப்போதும் கெட்டிக்காரப் பிள்ளைகள்தான் நிற்பார்கள். கடைசி வரிசைப் பெண்ணின் முழங்காலைக் கவனி. அரைமண்டியில் பாதம் மட்டும் பக்கவாட்டில் திரும்பி, முழங்கால் முன்பக்கம் விழுந்திருந்தால், ஆசிரியர் தட்டுக்கழியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து திருத்துகிறாரா? இல்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே "உட்காரு, உட்காரு" என்று கத்துகிறாரா? திருத்தாமல் விட்ட முழங்கால் முப்பது வயதில் மாடிப்படி ஏற விடாது. தட்டடவை மூன்றாம் காலத்தில் ஆடும்போது பிள்ளைகளின் தலைமட்டம் உயர்ந்தால், அங்கே வேகம் சொல்லிக்கொடுக்கிறார்கள், அடவு சொல்லிக்கொடுக்கவில்லை என்று தெரிந்துகொள். தரையைத் தொட்டுப் பார். கான்கிரீட்மேல் டைல்ஸ் ஒட்டிய தரையில் நாள்தோறும் நான்கு மணி நேரம் தட்டினால் முன்னங்கால் எலும்பு வலிக்கும். மரப்பலகை போட்ட கூடம் என்றால் நல்லது. பாட்டுக்கு ஆள் இருக்கிறாரா, செல்போனிலிருந்து ஒலிக்கவிடுகிறார்களா என்றும் பார். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் ஆட்டம், எத்தனை மணி நேரம் தியரி, நிரந்தர ஆசிரியர் எத்தனை பேர் என்பதை அலுவலகத்தில் கேட்காமல் மூன்றாம் வருஷப் பெண்களிடம் கேள். கேன்டீனில் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

நட்டுவாங்கம் ஒழுங்காகச் சொல்லித் தருகிறார்களா என்று அழுத்திக் கேள். ஆடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தாளத்தைப் பிடித்துக்கொண்டு, ஜதி சொல்லி, ஒரு கச்சேரியைத் தாங்குகிறவர்கள் குறைவு. அந்தத் திறமைக்கு நாற்பது வயதிலும் அறுபது வயதிலும் அழைப்பு வரும், பணமும் வரும். அரங்கேற்றம் என்ற பெயரில் கல்லூரிக்கு வெளியே யாராவது பெரிய தொகை கேட்டால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடு. பட்டத்துக்கு அது தேவையே இல்லை. மேடை வேண்டுமா? சிதம்பரத்தில் 1981 முதல் மகாசிவராத்திரிக்கு நாட்டியாஞ்சலி நடக்கிறது. பயிற்சி இருந்தால் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்று, இதை உன் அம்மாவும் படிக்கட்டும். கல்லூரியில் உள்புகார்க் குழு இருக்கிறதா, அதில் யார் யார் இருக்கிறார்கள் என்று சேரும்போதே கேளுங்கள். பாலியல் தொல்லைத் தடுப்புக்கான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். 2023-ல் கலாக்ஷேத்ரா மாணவர்கள் பாலியல் தொல்லைக்கு எதிராக வளாகத்திலேயே உட்கார்ந்து போராடியதை நாடே பார்த்தது. குருவை வணங்கு, ஆனால் உடம்பைத் திருத்த வரும் கை எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை உன்னுடையது. அதைச் சொல்ல அஞ்சவைக்கும் இடம் எதுவாயிருந்தாலும் வேண்டாம்.

செலவுக்கு வழி இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து நீ அரசுப் பள்ளியில் படித்தவள். 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டத்தில் உயர்கல்வி முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் உன் வங்கிக் கணக்குக்கு வரும். நீ சேரும் படிப்பு அதற்குத் தகுதியானதா என்பதைக் கல்லூரியில் எழுத்து மூலமாகக் கேட்டுக்கொள். 18 வயதானபிறகு, ஒன்றிய கலாச்சார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை இருக்கிறது. மாதம் 5,000 ரூபாய், இரண்டு ஆண்டுகளுக்கு. குருவிடம் ஐந்தாண்டுப் பயிற்சி எடுத்ததற்குச் சான்று கேட்பார்கள்; உன் சிறுவர் மன்ற ஆசிரியரிடம் இப்போதே எழுதி வாங்கி வை.

அப்பாவை எதிர்த்துப் பேசாதே. ஒருநாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று சொல்லி, வகுப்பு பார்க்கப் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. பின்வரிசையில் அவர் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

கல்லூரி விண்ணப்பங்கள் பெரும்பாலும் மே, ஜூனில்தான் தருவார்கள். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் மூன்றுக்கும் இந்த வாரமே இ-சேவை மையத்தில் மனுப் போட்டுவிடு.

அன்புடன்,
உன் டீச்சர்