செடி சொல்லும் சேதி

உவர்ப்பை நாக்கு அறியும். கலங்கலைக் கண் அறியும். வயலில் தெளித்த பூச்சிமருந்து மழைநீரோடு இறங்கிக் கிணற்றில் கலந்தால் அதை எப்புலன் அறியும்? நம் திருத்தணியைச் சுற்றிலும் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளைகின்றன. வயலை ஒட்டியே வீட்டுக் கிணறுகளும் உள்ளன. எனவே இது நம் வீட்டுக் கேள்விதான்.

2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக ரிவர்சைடு வளாகத்தில் ஷான் கட்லர் குழுவினர் இப்பணியை ஒரு செடியிடமே ஒப்படைத்தனர். மண் காய்ந்தால் செடிகள் அப்சிசிக் அமிலத்தைச் சுரக்கின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல் அது ஒரு புரதத்தில் பொருந்தியதும் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும்; நீர் வீணாகாது. விஞ்ஞானிகள் இப்பூட்டின் வடிவத்தை மாற்றி, அசின்பாஸ்-எத்தில் என்னும் நச்சுப் பூச்சிக்கொல்லியே அதற்குச் சாவியாகும்படி செய்தனர். பூட்டுத் திறந்ததும் பீட்ரூட்டின் செந்நிறம் உண்டாக மரபணுக்களையும் சேர்த்தனர். கடுகுக் குடும்பத்துச் சிறு செடியான அராபிடாப்சிஸ், நஞ்சு பட்டதும் சிவந்தது! செடியின் சொந்த நீர்க்காவலும் கெடவில்லை. இதுவே எங்களுக்குப் பெரிய வியப்பு.

ஆயினும் அச்செடி ஃபுளோரைடையோ காலராக் கிருமியையோ காட்டாது. ஒவ்வொரு நஞ்சுக்கும் தனிப் பூட்டு வேண்டும். மேலும், மரபணு மாற்றிய செடியை இந்தியாவில் அனுமதியின்றி முற்றத்தில் நட முடியாது. 2002இல் பருத்திக்கு அனுமதி கிடைத்தது. 2010இல் கத்தரி நிறுத்தி வைக்கப்பட்டது. மகரந்தம் வேலி பார்த்துப் பறப்பதில்லையே! இந்தக் கண்டிப்பு சரியென்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

மரபணு மாற்றாத வெங்காயமும் ஓரளவு சாட்சி சொல்லும். 1938இல் ஸ்வீடன் நாட்டு ஆல்பர்ட் லெவான் வெங்காய வேரைக் கொண்டு வேதிப்பொருள்களின் விளைவை ஆராய்ந்தார். நாங்களும் இரண்டு பாட்டில்களின் வாயில் வெங்காயங்களை அடிப்பாகம் நீரில் படும்படி அமர்த்தினோம். ஒன்றில் மட்டும் நிறமே தெரியாத அளவு மயில்துத்தம் கலந்தோம். ஐந்தாம் நாள் நல்ல நீரில் வெண்வேர்கள் விரல் நீளம் இறங்கியிருந்தன. மற்றதில் வேர்கள் குட்டையாகப் பழுப்பேறி நின்றன.

எந்த நஞ்சு என்று வெங்காயம் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடம்தான் வேண்டும். வேர் நீண்டு வளர்ந்தாலும் அந்நீரில் நோய்க்கிருமி இருக்கலாம். காய்ச்சியே பருக வேண்டும். இப்போது எங்கள் வகுப்பில் நால்வர் வீட்டுக் கிணற்று நீரை ஜன்னலோரம் வரிசையாக வைத்திருக்கிறோம். இன்று இரண்டாம் நாள்.