இரண்டு மூட்டை, இரண்டு சுருக்குப்பை

வியட்நாமில் முதுகுப்பையோடு தம்பதியராகச் சுற்றுவதைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியதன் பயனாக வந்து குவிந்த கடிதங்களில், பிறருக்கும் உபயோகப்படக்கூடியவை என்று எனக்குத் தோன்றியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன். விமான டிக்கெட் எங்கே மலிவு என்று கேட்டவர்கள் மன்னிக்க வேண்டும். அந்த வித்தை எனக்குத் தெரியாது.

கேள்வி: நானும் என் மனைவியும் மூன்று வாரப் பயணத்துக்காக ஆளுக்கொரு 60 லிட்டர் பை வாங்கினோம். ஒத்திகையாக மொட்டை மாடியில் சுமந்து நடந்து பார்த்ததில் கால் மணி நேரத்துக்குள் தோள் இற்றுப்போகிறது. பையை மாற்றிவிடலாமா? (நாகர்கோவில்)

பதில்: ஒத்திகை பார்த்தீர்களே, அதற்காகவே உங்களைப் பாராட்ட வேண்டும், பெரும்பாலோர் அந்நிய தேசத்து நடைபாதையில்தான் முதன்முதலாகத் தம் மூட்டையோடு அறிமுகமாகிறார்கள். ஆனால் தோள் வலிக்கிறது என்று நீங்கள் எழுதிய மாத்திரத்திலேயே, பையின் இடுப்புப் பட்டையை வெறும் அலங்காரம் என்று எண்ணி அவிழ்த்துவிட்டு நடந்திருக்கிறீர்கள் என்பது விளங்கிவிட்டது. பாரத்தின் பெரும்பகுதியை ஏற்க வேண்டியது இடுப்பெலும்பே அன்றித் தோள் அல்ல. எல்லா வார்களையும் தளர்த்திப் பையை மாட்டிக்கொண்டு, இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல்விளிம்பில் நிறுத்தி முதலில் அதை இறுக்கி, அதன் பிறகே தோள் வார்களைப் பை முதுகோடு ஒட்டும் அளவுக்கு மட்டும் இழுத்துப் பாருங்கள். கனமான சாமான்கள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். மனைவியாரின் பையும் உங்கள் பையும் ஒரே அளவு என்றால் ஒருவருக்கு அது பொருந்தாமல் போகலாம். பை பொருந்துவது ஆளின் உயரத்தைப் பொறுத்ததன்று, பிடரியின் அடியில் புடைத்திருக்கும் எலும்பிலிருந்து இடுப்பு வரையுள்ள முதுகின் நீளத்தைப் பொறுத்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு, 60 லிட்டர் எதற்கு என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. பெரிய பை வாங்கினால் அதை நிரப்பாமல் விடுவதற்கு மனித மனம் சம்மதிப்பதில்லை. 40 லிட்டர் தாராளம். வியட்நாமில் பயணிகள் வந்துபோகும் எந்தச் சிற்றூரிலும் துணியைக் கிலோக் கணக்கில் எடைபோட்டு வாங்கித் துவைத்துக் கொடுப்பார்கள். நான்கு நாள் துணி போதும்.

கேள்வி: பட்டுப்புடவை ஒன்று எடுத்துச் செல்லலாமா? எங்கள் கல்யாண நாள் அங்கே வருகிறது. (காஞ்சிபுரம்)

பதில்: வேண்டாம். ஹோய் ஆனில் தெருவுக்குத் தெரு தையற்காரர்கள் இருக்கிறார்கள்; அளவு கொடுத்தால் மறுநாளே தைத்துத் தருவார்கள். அந்தச் செலவைக் கணவர் ஏற்கட்டும்.

கேள்வி: தீபாவளி விடுமுறையில் ஹோய் ஆன் போகலாமா? (சென்னை)

பதில்: படகு ஓட்டத் தெரிந்தால் போகலாம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் மத்தியக் கடற்கரையில் பெருமழை. ஆறு ஊருக்குள் வந்துவிடும். அதே சமயத்தில் வடக்கே ஹனோய்ப் பக்கம் வானம் தெளிந்து இதமாக இருக்கும். வியட்நாம் ஒரே தேசம், ஆனால் ஒரே பருவம் அன்று என்பதை எத்தனை முறை எழுதுவது?

கேள்வி: மின்விசாவுக்குக் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போதுமா? எங்கள் பாஸ்போர்ட்டுகளில் பெயர் வெவ்வேறு விதமாக இருக்கிறது. திருமணச் சான்றிதழ் கேட்பார்களா? (திருச்சி)

பதில்: ஆளுக்கொரு விண்ணப்பம், ஆளுக்கொரு கட்டணம். ஒரு முறை நுழைய 25 டாலர், பல முறை போய்வர 50 டாலர். 2023 ஆகஸ்டிலிருந்து 90 நாள் வரை தருகிறார்கள். அந்நாட்டு அரசாங்கத்தின் தளத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள். அதைப் போலவே வேஷமிட்டு இரட்டிப்பாகப் பறிக்கும் தளங்கள் பல உண்டு. திருமணச் சான்றிதழை ஒருவரும் கேட்கமாட்டார்கள். விடுதிக்காரர்கள் போலீஸில் பதிவு செய்வதற்காகப் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்ப்பார்கள், அவ்வளவே.

பெயர்தான் நம்மவர்களுக்கு வரும் சோதனை. தகப்பனார் பெயரைத் தலையெழுத்தாகச் சுமக்கும் நாம், குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டு கட்டங்களைக் கண்டவுடன் தத்துவ விசாரத்தில் இறங்கிவிடுகிறோம். பாஸ்போர்ட்டில் எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் அச்சாகியிருக்கிறதோ அப்படியே, ஓர் எழுத்துக் கூடாமல் குறையாமல் எழுதுங்கள். உங்கள் இருவர் பெயரும் ஒத்துப்போக வேண்டியதில்லை; விசாவும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போனால் போதும்.

கேள்வி: பாஸ்போர்ட், பணம், டிக்கெட் எல்லாவற்றையும் பத்திரமாக நானே இடுப்புப் பையில் வைத்துக்கொள்ள உத்தேசம். மனைவிக்கு ஆங்கிலப் பழக்கம் போதாது. வெளியூர் அனுபவமும் குறைவு. இடுப்புப் பையில் எந்த வகை சிறந்தது? (திருநெல்வேலி)

பதில்: வகையைப் பிறகு பார்ப்போம். இந்தக் கேள்வியை மாதம் ஒரு கணவராவது எனக்கு எழுதுகிறார். எல்லோரும் இதை அன்பின் அடையாளமாகவே எழுதுகிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நானும் ஒரு காலத்தில் அந்த அன்புடையவனாகவே இருந்தேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஹனோயிலிருந்து தெற்கே போகும் இரவு ரயிலில் நானும் என் மனைவியும் ஹுவே நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். விடியும் வேளையில் டோங் ஹோய் நிலையத்தில் வண்டி நின்றது. மனைவி உறங்குகிறாளே, எழுப்புவானேன் என்று எண்ணி, தேநீர் வாங்க நான் மட்டும் இறங்கினேன். சில்லறைக்காக நோட்டுக்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவன் (20,000 டோங்கும் 5,00,000 டோங்கும் இரண்டும் நீலம், அரையிருட்டில் எவனும் ஏமாறுவான்) தலை நிமிர்ந்தபோது வண்டியின் கடைசிப் பெட்டி நடைமேடையைக் கடந்துகொண்டிருந்தது. என் இடுப்பில் இரண்டு பாஸ்போர்ட்டுகள், இருவர் பணம், விடுதி முகவரி, உள்ளூர் சிம் போட்ட ஒரே போன். அவளிடம் இரண்டு மூட்டைகள்.

அடுத்த வண்டியைப் பிடித்து நான் ஹுவே போய்ச் சேர உச்சி வேளை ஆகிவிட்டது. ஊர்ப்பெயர் மட்டும் நினைவில் இருந்ததால் அங்கே இறங்கிய அவள், தங்கப்போகும் விடுதியின் பெயரைக்கூட நான் சொல்லியிருக்கவில்லை ஆதலால், மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் வாங்கவும் காசில்லை. தேநீர் விற்கும் கிழவி ஒருத்தி, பாஷை தெரியாமலே நிலைமையைப் புரிந்துகொண்டு ஒரு கோப்பை கொடுத்திருக்கிறாள். அழுதிருப்பாள், திட்டுவாள் என்றெல்லாம் எண்ணிக்கொண்டு வந்த என்னிடம் அவள் சொன்னது இவ்வளவுதான்: "என் பாஸ்போர்ட்டை என்கிட்ட குடுத்துட்டு, அப்புறமா நீங்க டீ குடிக்கப் போங்க."

என் பாட்டி, ஊர்க்கோடியைத் தாண்டி அறியாதவள், காசி யாத்திரை புறப்பட்டபோது, தாத்தாவிடம் இருந்த பணம் தனி. ஊர் திரும்புவதற்கான ரயில் சார்ஜைத் தன் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் தனியாக முடிந்து வைத்துக்கொண்டுதான் வண்டி ஏறினாளாம். எழுதப் படிக்கத் தெரியாத அவளுக்கு இருந்த விவேகம் பட்டம் பெற்ற எனக்கு இல்லாமற்போனதை எண்ணி இன்றும் வெட்குகிறேன். மனைவிக்கு ஆங்கிலம் தெரியாது என்கிறீர்கள். டோங் ஹோயில் தேநீர் விற்பவளுக்கும் தெரியாது, ஐயா. அங்கே உங்கள் ஆங்கிலமும் அவர் தமிழும் ஒரே விலைதான்.

ஆகவே அவருடைய பாஸ்போர்ட் அவரிடம் இருக்கட்டும். ஒருவருடையதன் நகல் மற்றவரிடம் இருக்கட்டும். இரண்டு நாள் செலவுக்கு டோங்கும், அதற்கு மேல் கொஞ்சம் டாலரும் அவர் பையில் தனியாக இருக்கட்டும். அன்றன்று தங்கும் விடுதியின் பெயரை வியட்நாம் எழுத்திலேயே காகிதத்தில் எழுதி வாங்கி இருவரும் வைத்துக்கொள்ளுங்கள். போனை நம்பாதீர்கள், அது உயிரை விடும் நேரம் நமக்கு உதவி வேண்டிய நேரமாகவே இருக்கும். இன்னொன்று: பிரிந்துவிட்டால் வண்டியில் இருப்பவர் முன்பே உத்தேசித்த ஊரில் இறங்கி நிலையத்தை விட்டு நகராமல் இருப்பது, மற்றவர் தேடி வருவது என்று புறப்படும் முன்பே பேசி வையுங்கள். இருவரும் தேடக் கிளம்பினால் இருவரும் தொலைவார்கள்.

இடுப்புப் பையா? எந்த வகையானாலும் சரி. இரண்டு வாங்குங்கள்.

கேள்வி: ஹா ஜியாங் மலைப்பாதையில் மோட்டார் சைக்கிள் எடுத்து, மனைவியைப் பின்னால் உட்காரவைத்து ஓட்ட ஆசை. இங்கே எடுத்த சர்வதேச ஓட்டுநர் அனுமதி இருக்கிறது. (கோவை)

பதில்: அந்த அனுமதி அங்கே செல்லாது. நம் நாடு அளிப்பது 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படியானது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்தின்படியானதை. வாடகைக்கு விடுபவர் இதைப்பற்றி ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டுவார். விபத்து நேர்ந்த பிறகு கேட்கப்போவது காப்பீட்டு நிறுவனம். கேட்டுவிட்டுக் கையை விரிக்கும். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன என்பதையும், மா பி லெங் கணவாயில் ஒருபுறம் சுவராகப் பாறையும் மறுபுறம் கிடுகிடு பள்ளத்தில் ஞோ குவே ஆறும் இருப்பதையும் சேர்த்து யோசியுங்கள். உள்ளூர் ஓட்டுநர்கள் ஆளுக்கொரு வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு போவார்கள். நீங்கள் ஒரு வண்டியில், அவர் ஒரு வண்டியில். வீரம் குறையும், காட்சி குறையாது.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். மூன்று வாரம் பட்டினியா? ஒரு சின்ன குக்கர் எடுத்துப் போகலாம் என்று மாமியார் சொல்கிறார். (மயிலாடுதுறை)

பதில்: மாமியாரை வணங்கிவிட்டுக் குக்கரை வீட்டிலேயே வையுங்கள். 'சாய்' என்ற ஒரு சொல்லைக் கற்றுக்கொள்ளுங்கள்; பௌத்தர்களின் சைவ உணவுக்கு அதுவே பெயர், அச்சொல் எழுதிய பலகை தொங்கும் கடைக்குள் தைரியமாக நுழையலாம். நம் அமாவாசை விரதம் போல அவர்களுக்குச் சாந்திரமான மாதத்தின் 1ஆம் நாளும் 15ஆம் நாளும் சைவம். அன்று எங்கும் கிடைக்கும். மற்றக் கடைகளில் 'காய்கறி மட்டும்' என்று கேட்டால் காய்கறிதான் வரும், ஆனால் 'நுவோக் மாம்' என்னும் மீன் சாற்றில் பிரட்டி வரும்; அவர்கள் ஏமாற்றவில்லை, அவர்களுக்கு அது உப்பு மாதிரி. இட்லிப்பொடி எடுத்துச் செல்வதில் ஆட்சேபம் இல்லை. எண்ணெய்ப் பாட்டில் கூடாது. பையில் கொட்டிய நல்லெண்ணெய் பற்றி எனக்கு வந்த கடிதங்களைத் தனிப் புத்தகமாகவே போடலாம்.

கேள்வி: என் கணவர் காலை 5 மணிக்கே எழுப்பி, 18 நாளில் 11 ஊர் என்று அட்டவணை போட்டிருக்கிறார். இப்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. (சேலம்)

பதில்: அட்டவணையைக் கிழித்துவிடுங்கள், நான் சொன்னேன் என்று சொல்லுங்கள். ஐந்து ஊருக்கு மேல் கூடாது. நான்கு நாளுக்கு ஒரு முறை அரை நாள் பிரிந்து சுற்றுங்கள். மாலையில் சந்திக்கும்போது ஒருவருக்கொருவர் சொல்வதற்குப் புதிதாக ஏதேனும் இருக்கும். பசித்த வயிற்றோடு வழியைப் பற்றி விவாதிக்காதீர்கள். முதலில் சாப்பாடு, பிறகு வரைபடம்.

ஒரு நாள் மட்டும் அவர் 5 மணிக்கு எழுப்பினால் மறுக்காதீர்கள். ஹோய் ஆனிலிருந்து மி சன் போகும் நாள் அது. நான்காம் நூற்றாண்டில் சம்பா நாட்டு மன்னன் பத்ரவர்மன் பத்ரேசுவரர் என்று சிவனை எழுந்தருளச் செய்த பள்ளத்தாக்கு. சாந்து தெரியாமல் செங்கல்லோடு செங்கல் ஒட்டி நிற்கும் கோபுரங்கள். 1969இல் அமெரிக்கக் குண்டுகள் தகர்த்தது போக மிஞ்சியதை நம் தொல்லியல் துறையும் சேர்ந்து செப்பனிட்டிருக்கிறது. அந்த வேலையின்போது 2020இல் ஒரே கல்லில் செதுக்கிய ஒன்பதாம் நூற்றாண்டுச் சிவலிங்கம் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்டது. வெயிலும் கூட்டமும் ஏறுமுன் போய்விட வேண்டும்.

கேள்வி: எனக்கு 63, மனைவிக்கு 58. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மூட்டு வலி உண்டு. இது எங்களுக்கு ஏற்ற பிரயாணமா? (கும்பகோணம்)

பதில்: சிரிக்கட்டும். முதுகுப்பை என்பது வயதைப் பற்றிய விஷயமே அல்ல, எடையைப் பற்றிய விஷயம். ஆளுக்கு 6 கிலோவுக்குள் கட்டினால் உங்கள் முழங்கால் அதைக் கவனிக்கவே கவனிக்காது. மலையேற்றத்தை விட்டுவிடுங்கள். ஹனோயிலிருந்து சைகோன் வரை 1,726 கிலோமீட்டர் நீளும் அந்த ரயில் பாதை உங்களைப் போன்றவர்களுக்கென்றே போட்டதுபோல் இருக்கும். ஒரே மூச்சில் போகாமல் ஹனோய், ஹுவே, டா நாங், ஞா டிராங் என்று இறங்கி இறங்கிப் போங்கள். ஆறு பேர் படுக்கும் பெட்டி வேண்டாம், நால்வர் பெட்டியில் இரண்டு கீழ்ப் படுக்கைகளையும் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். மேற்படுக்கைக்கு ஏறும் படி மூட்டு வலிக்காரர்களுக்கு ஆகாது. சாந்திரமானப் புத்தாண்டை ஒட்டிய வாரங்களில் மட்டும் போகாதீர்கள். தேசமே ஊர் திரும்பும், இடம் கிடைக்காது.

சைகோனில் ட்ருவோங் டின் தெருவில் நம்மவர்கள் எழுப்பிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. வட்டிக்கடை நடத்திய செட்டியார்களும் புதுச்சேரிக்காரர்களும் போய்விட்டார்கள்; அம்மனை இப்போது பெரும்பாலும் வியட்நாம் மக்களே வணங்குகிறார்கள். அங்கே முடிவில் போகலாம், அவசரமில்லை. ஹுவேயிலிருந்து டா நாங் போகும் அந்த மூன்று மணி நேரத்தில் மட்டும் தூங்கிவிடாதீர்கள். லாங் கோ காயலைத் தாண்டியதும் வண்டி ஹாய் வான் மலையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊரும்; கடல் இடப்பக்கம் வரும்.