ஏற்றிய கையே இறக்கவும் வேண்டும்

சுதந்திர தினம் கழிந்து ஒரு வாரத்தில் திருகோணமலை நகரை ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். கடையொன்றின் தகரக் கூரையில் தேசியக்கொடி கம்பியில் முறுக்கிக்கொண்டு கிடக்கும். ஓட்டோ ஒன்றின் முகப்பில் துணி கிழிந்து, சிங்கத்தின் வால் மட்டும் மிஞ்சி ஆடும். பெப்ரவரி 4 காலையில் கயிற்றைப் பிடிக்க ஆளுக்கு ஆள் முந்துவார்கள். மாலையில் இறக்க ஒருவரும் இருக்கமாட்டார்.

கோணேசர் கோயிலில் கொடியேறும்போதே அது இறங்கும் நாளும் ஊருக்குத் தெரிந்துவிடும். தேசியக்கொடிக்கும் அதே கணக்குத்தான். ஏற்றுவதற்கு முன்பே, இறக்கப்போவது யார், எத்தனை மணிக்கு என்று முடிவுசெய்துவிடுங்கள். சூரியன் உதித்த பிறகு ஏற்றி, மறைவதற்குள் இறக்குவதே வழக்கம்.

வாங்கும்போது

அரசியலமைப்பின் 6ஆம் உறுப்புரை, இரண்டாம் அட்டவணையில் உள்ள கொடியையே தேசியக்கொடி என்கிறது. கடையில் விரித்துப் பாருங்கள். நீளம் அகலத்தின் இரு மடங்காக இருக்க வேண்டும்: 6 அடி நீளமென்றால் 3 அடி அகலம். மஞ்சள் விளிம்பு, பச்சையும் செம்மஞ்சளுமாக இரண்டு பட்டிகள், வாளேந்திய சிங்கம், அதைச் சூழ்ந்து நான்கு மூலையிலும் அரச இலைகள். பட்டிகள் முஸ்லிம்களையும் தமிழர்களையும் குறித்து 1951இல் சேர்ந்தவை. இலைகள் 1972இல் வந்தவை. பட்டி இல்லாமல் சிங்கம் மட்டும் உள்ள துணி தேசியக்கொடி ஆகாது, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும்.

மட்டமான துணியில் சாயம் நிற்காது. கொடியின் ஒரு மூலையை நனைத்து வெள்ளைக் கைக்குட்டையில் அழுத்துங்கள். கைக்குட்டை சிவந்தால் அந்தக் கொடி ஒரு மழையோடு சரி. சிவப்பு ஊறி மஞ்சள் விளிம்பு கெட்டுவிடும்.

கட்டும்போது

ஒரு பாடசாலை விழாவில் நானே பார்த்தது. விருந்தினர் கயிற்றை இழுக்கிறார், பிள்ளைகள் கீதம் பாடுகிறார்கள், மேலே சிங்கம் கால்களை வானத்துக்கு நீட்டியபடி பறக்கிறது. முதல் நாள் மாலை மங்கல் வெளிச்சத்தில் கட்டியதன் விளைவு. அதிபருக்கு வியர்த்துவிட்டது.

பார்க்க வேண்டியது இரண்டே இரண்டு. பச்சைப் பட்டி கம்பத்தின் பக்கம் இருக்கிறதா? சிங்கத்தின் கால்கள் நிலத்தைப் பார்க்கின்றனவா? இரண்டும் சரியென்றால் எல்லாம் சரி. கப்பல்களுக்குத் தைக்கும் கொடிகளில் மேல் மூலையில் சிறிய மரக்கட்டையும் கீழ் மூலையில் கயிற்று வாலும் இருக்கும். இருட்டிலும் கை தவறாது. கடைக் கொடிகளில் அது இல்லை. ஆகவே மேல் மூலையின் உட்புறத்தில் நாலு தையல் போட்டு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். தவறு நேர்ந்துவிட்டால் யாரையும் அதட்டாமல் கொடியை இறக்கித் திருப்பிக் கட்டி மறுபடி ஏற்றுங்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. அப்படியே பறக்கவிடுவதுதான் அவமானம்.

துறைமுக ஊரின் காற்று

கச்சான் வீசும் மாதங்களில் கொடியின் வெளி ஓரம்தான் முதலில் நூல்விடும். ஓரம் பிரியத் தொடங்கியதும் வெட்டி மடித்துத் தைத்தால் இன்னும் சில காலம் உழைக்கும். உப்புக் காற்றில் இரும்புக் கொளுக்கி துருவேறித் துணியில் கறை பிடிக்கும். பித்தளையோ துருப்பிடிக்காத உருக்கோ போடுங்கள். பலத்த மழை, புயல் என்றால் ஏற்றவே வேண்டாம். நனைந்த கொடியை மடித்து வைக்காமல் நிழலில் உலர்த்துங்கள்.

கடலில் நிற்போருக்குத் தனி ஒழுங்கு உண்டு. துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுப் படகு தன் நாட்டுக் கொடியைப் பின்புறத்தில் பறக்கவிட்டு, நம் கொடியைப் பாய்மரத்தின் வலப்பக்கத்தில் ஏற்றும். விருந்தாளி வீட்டுக்காரருக்குக் காட்டும் மரியாதை அது. சுற்றுலாப் பயணிகளை ஏற்றும் நம்மவர் வள்ளங்களில் அந்தக் கொடி எண்ணெய்க் கறையோடு தொங்கலாமா?

அரைக்கம்பம்

2019 ஏப்ரல் 23, உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்கான துக்கதினம் போன்ற நாட்களில், கொடியை நேரே பாதி உயரத்தில் கட்டக்கூடாது. முதலில் உச்சிவரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்குமுன் மறுபடி உச்சியைத் தொட வேண்டும்.

மனம் கனப்பவர்களுக்கு

‘இந்தக் கொடிக்கு நாங்கள் ஏன் இவ்வளவு பார்க்க வேண்டும்?’ என்று கேட்பவர்கள் இந்த ஊரில் உண்டு. கேள்வி நியாயமில்லாததல்ல. 1957 பெப்ரவரி 4 அன்று மணிக்கூட்டுக் கோபுரத்தில் கறுப்புக்கொடி ஏற்ற முயன்ற திருமலை நடராசன் சுட்டுக்கொல்லப்பட்டார். கொடியை வடிவமைத்த குழுவிலேயே செனட்டர் எஸ். நடேசன் இணங்க மறுத்தவர். சிங்கக் கொடியை அப்படியே வைத்து ஓரத்தில் பட்டி ஒட்டினால் ஒற்றுமை வராது என்பது அவர் பக்க வாதம்.

வீட்டு வாசலில் ஏற்றுவதும் ஏற்றாததும் அவரவர் மனம். எனக்கு அதில் ஆலோசனை இல்லை. ஏற்றியபின் அலட்சியமாக விடுவது மட்டும் எதிர்ப்பும் ஆகாது, மரியாதையும் ஆகாது. வெறும் சோம்பல்.

ஓய்வு கொடுக்கும்போது

கிழிந்து வெளுத்த கொடியை மேசை துடைக்கவும் மூட்டை கட்டவும் எடுக்காதீர்கள். குப்பை வண்டியிலும் போடாதீர்கள். ஆரவாரமில்லாமல் ஒரு மறைவான இடத்தில் முழுவதுமாக எரித்துவிடுவதே முறை. பிள்ளைகள் கையில் கொடுத்த காகிதக் கொடிகளை விழா முடிந்து வாசலிலேயே ஒரு பெட்டி வைத்துத் திரும்ப வாங்குங்கள். இல்லாவிட்டால் மாலைக்குள் அவை வாய்க்காலுக்குப் போய்விடும்.

அடுத்த பெப்ரவரி 5 காலையில் தேநீருக்கு முன் உங்கள் வாசலை ஒருமுறை எட்டிப் பாருங்கள். கொடி இன்னும் அங்கே இருந்தால், இறக்கி மடித்து வைத்துவிட்டுத் தேநீரைக் குடியுங்கள்.