நிலவறையிலிருந்து மீன் தொட்டிக்கு: பம்பைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

லண்டன் கிரிஸ்டல் பாலஸில் 1871-ஆம் ஆண்டு ஒரு மீன் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. அதை அமைத்த வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட் என்பவர், காட்சித் தொட்டிகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பல மடங்கு பெரிய நீர்த்தேக்கம் ஒன்றை வைத்தார். நீராவி எஞ்சினால் இயங்கிய பம்புகள் கடல்நீரை மேலே ஏற்றின. தொட்டிகளில் வழிந்த நீர் தானாகவே கீழே திரும்பியது.

இன்று அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில், நிலவறையுள்ள வீடுகளில் மீன் வளர்ப்போர் சிலர் இதே முறையைக் கையாளுகின்றனர். மேலே பல தொட்டிகள். கீழே அனைத்திற்கும் பொதுவாக ஒரு சம்பு. மீன்களின் கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியா நஞ்சாகும். சம்பில் உள்ள வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. நீர் போதிய அளவு சுற்றி வந்தால்தான் இந்த வேலை நடக்கும். ஆகவே, பம்பு சரியாக அமையாவிட்டால் மீன்களின் உயிருக்கே ஆபத்து.

பெட்டியின்மேல் உள்ள எண்

பம்பின் பெட்டியில் ‘மணிக்கு 6000 லிட்டர், அதிகபட்ச உயரம் 3.5 மீட்டர்’ என்று அச்சிட்டிருப்பதாகக் கொள்வோம். இந்தப் பம்பு 3.5 மீட்டர் உயரத்திற்கு 6000 லிட்டர் நீரை ஏற்றும் என்று பலர் எண்ணுவார்கள். அது தவறு.

ஒரு பந்தை மேல்நோக்கி எறிந்தால், உச்சியை அடையும்போது அதன் வேகம் சுழியாகிவிடுகிறது அல்லவா? பம்பும் ஏறக்குறைய அப்படித்தான். உயரமே ஏற்ற வேண்டாத நிலையில் கிடைப்பது 6000 லிட்டர். 3.5 மீட்டர் உயரத்தில் சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்; குழாயில் நீர் நின்றுகொண்டிருக்கும்; ஆனால் ஒரு சொட்டும் வெளியே வராது! இவ்விரு எல்லைகளுக்கும் இடையில், உயரம் கூடக்கூட நீரின் அளவு குறைந்துகொண்டே வரும். இதைக் காட்டும் வரைபடத்தைத் தயாரிப்பாளர்கள் தருவதுண்டு. நாம் பார்க்க வேண்டியது அந்த வரைபடத்தைத்தான்.

கணக்கிட்டுப் பார்ப்போம்

தொட்டிகள் 4; ஒவ்வொன்றும் 200 லிட்டர். மொத்தம் 800 லிட்டர். மணிக்கு மூன்று முறை நீர் மாற வேண்டுமென்றால், நமக்குத் தேவை 2400 லிட்டர். சம்பின் நீர்மட்டத்திலிருந்து தொட்டியின் நீர்மட்டம் வரை உயரம் 3 மீட்டர் என்க.

கீழே விழும் நீர் மேலே ஏறும் நீருக்கு உதவாதா என்று நீங்கள் கேட்கலாம். உதவாது. வழிந்த நீர் காற்றுடன் கலந்து சம்பில் விழுகிறது. அதன் ஆற்றல் ஓசையாகவும் வெப்பமாகவும் வீணாகிறது. எனவே 3 மீட்டர் முழுவதையும் பம்பே ஏற்றியாக வேண்டும்.

இத்துடன் குழாயின் உராய்வும் சேர்கிறது. குழாயின் நீளம் 8 மீட்டர் என்றும், வழியில் சில வளைவுகள் உண்டு என்றும் கொள்வோம். உள்விட்டம் 25 மில்லிமீட்டரானால், இந்த நீரோட்டத்திற்கு உராய்வு சுமார் 1.15 மீட்டர் உயரத்திற்குச் சமம். உள்விட்டம் 40 மில்லிமீட்டரானால் அது சுமார் 0.15 மீட்டர்தான்! அகன்ற குழாயில் நீர் மெதுவாகச் செல்கிறது. உராய்வோ வேகத்தின் இருமடிக்கு ஏறக்குறைய நேர்விகிதத்தில் மாறுகிறது. ஆகவே அகன்ற குழாயையே எடுத்துக்கொள்வோம். மொத்த ஏற்ற உயரம் 3.15 மீட்டர்.

இப்போது இரு பம்புகளை ஒப்பிடுவோம். முதலாவது, மேலே சொன்ன 6000 லிட்டர் பம்பு. இரண்டாவது, ‘மணிக்கு 4000 லிட்டர், அதிகபட்ச உயரம் 6 மீட்டர்’ என்று குறிக்கப்பட்டது. இத்தகைய பம்புகளின் வரைபடத்தில் 3.15 மீட்டர் உயரத்தைப் பார்த்தால், முதலாவது சுமார் 1900 லிட்டரும், இரண்டாவது சுமார் 2750 லிட்டரும் தரக்கூடும். பெரிய எண்ணைத் தாங்கிய பம்பு தோற்றுவிட்டது; சிறிய எண்ணுடையது வென்றுவிட்டது! மிகுதியாக வரும் நீரை, ஒவ்வொரு தொட்டிக்கும் தனித்தனி வால்வு வைத்துக் கட்டுப்படுத்தலாம்.

குழாயைச் சிறிதாக்கினால் மின்கட்டணமும் கூடும். இதே 2400 லிட்டரை 25 மில்லிமீட்டர் குழாய் வழியே ஏற்ற, பம்பின் திறன் மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், ஏறக்குறைய 20 வாட் அதிகம் தேவை. பம்பு இரவு பகலாக ஓடுவதால், ஓர் ஆண்டில் இது சுமார் 175 யூனிட் ஆகும்.

மின்சாரம் நின்றால்?

பம்பு நின்றதும், வழியும் விளிம்புக்கு மேலுள்ள நீர் சம்பிற்கு இறங்கும். தொட்டி ஒவ்வொன்றும் 100 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் உடையதானால், நான்கிலும் 3 செ.மீ. நீர் இறங்கினாலே 48 லிட்டர் ஆகும். குழாயில் உள்ள 10 லிட்டரும் இதனுடன் சேரும். ஆகவே சம்பில் குறைந்தது 60 லிட்டருக்கு இடம் காலியாக இருக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நீரைக் கொண்டுவரும் குழாயின் வாய் தொட்டிக்குள் 20 செ.மீ. ஆழத்தில் இருந்தால், நீர் வடிகுழாய்த் தத்துவப்படி அதன் வழியே பின்னோக்கிப் பாயும். 320 லிட்டர் நீர் கீழே வந்து நிலவறையை நனைத்துவிடும். குழாயில் நீர்மட்டத்திற்குச் சற்றுக் கீழே ஒரு சிறு துளை இட்டால் போதும். மட்டம் சிறிது இறங்கியதும் துளை வழியே காற்று நுழைந்து ஓட்டத்தை நிறுத்திவிடும். ஒருவழி வால்வை மட்டும் நம்பக் கூடாது. அதில் அழுக்குப் படிந்தால் சரியாக மூடாது. துளையிலும் பாசி அடைக்கும். அவ்வப்போது அதைச் சுத்தம் செய்ய வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

ஒரு சிறிய மீன்தொட்டிப் பம்பு, நீளமான குழாய், அளவு குறித்த வாளி, கடிகாரம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பம்பைப் பெரியவர் ஒருவரின் துணையுடன் இயக்குங்கள். குழாயின் முனையை 20, 40, 60 செ.மீ. உயரங்களில் பிடித்து, 1 லிட்டர் நிரம்ப ஆகும் நேரத்தைக் குறியுங்கள். உயரத்தையும் நீரின் அளவையும் கொண்டு வரைபடம் வரையுங்கள். கோடு எந்த உயரத்தில் சுழியைத் தொடும் என்று கணித்து, பின்பு சோதித்துப் பாருங்கள்.

வினா: மேற்கண்ட வீட்டில் தொட்டிகளை மேலும் 1 மீட்டர் உயர்த்தினால், முதல் பம்பு என்ன செய்யும்? காரணம் கூறுக.