விநயத்திற் காணும் பால்மாற்றம்

திருநங்கை ஒருவர் திரிசரணம் கொள்ள வந்தால் எவ்வரிசையில் அமர்த்துவது என்று சிலர் வினவுகின்றனர். விடை விநயபிடகத்திலேயே உளது.

முதற் பாராஜிகப் பகுதியில், பிக்கு ஒருவருக்குப் பெண்ணடையாளம் தோன்றிய செய்தி வருகிறது. பகவர் அவரை விலக்கவில்லை. முன்பெற்ற உபசம்பதையும், உபாத்தியாயரும், கழித்த வஸ்ஸ ஆண்டுகளும் அப்படியே நிற்க, பிக்குணிகளோடு சேர்ந்திருக்க அனுமதித்தார். ஆணடையாளம் தோன்றிய பிக்குணிக்கும் அதே தீர்ப்பு.

ஆண்மை உயர்ந்ததென்றும், தீவினையால் அது மறையுமென்றும் பிற்கால உரையாசிரியர் எழுதினர். மூலத்தில் அப்பேச்சே இல்லை!

தம்மபத அட்டகதையில் வரும் சோரெய்யன், மகாகச்சாயன தேரரின் பொன்மேனி கண்டு, 'இவர் என் மனைவியாகாரோ' என்றெண்ணிப் பெண்ணாயினான். முன்னரே இருவர்க்குத் தந்தையாகிய அவன், தட்சசீலத்தில் இருவர்க்குத் தாயுமாயினான். மன்னிப்புப் பெற்று ஆணாகித் துறவு பூண்டபின், எம்மக்கள்பால் அன்பு மிகுதியென மக்கள் வினவ, வயிற்றிற் பிறந்தவர்பால் என்றான். நம் மணிமேகலையும் வஞ்சியில் ஆண்துறவி வடிவிலன்றோ சமயவாதிகளை வினவினாள்!

பெண்கள் தமக்குள் கொள்ளும் இச்சைச் செயலோ பிக்குணிகட்குப் பாசித்தியம். அறிக்கையிட்டுத் தூய்மை பெறலாம். ஆடவனோடு கூடினால் பாராஜிகம், சங்கத்தையே இழப்பாள். இவை துறவியர் விதிகள்; இல்லறத்தார்மேல் ஏற்றுதல் பொருந்தாது.

பண்டகர் என்போர்க்கு உபசம்பதை மறுக்கும் விதியும் மகாவக்கத்தில் உண்டு. அதை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும் அது தடுப்பது உபசம்பதையை; திரிசரணத்தையன்று. வந்தவர் பெண்டிர் வரிசையில் அமர்க.